உளது, இலது: அயற்கட்டங்களின் சாட்சியம்

ஒரு செடி இவ்விடத்தில் உளது, அவ்விடத்தில் இலது என்று எழுதிவைப்பதினும் எளிய அறிவியற் பதிவு பிறிதொன்றில்லை. தராசு வேண்டா, அளவுகோல் வேண்டா. உளதாயின் ஒன்று, இலதாயின் பூச்சியம், அவ்வளவே. ஆயினும், இவ்விரு குறிகளால் நிரம்பிய படமொன்றைக் கையிலெடுத்து, இச்செடி இங்கே வளர்தற்குக் காரணம் மண்ணா, மழையா, நிலத்தின் உயரமா என வினவத் தொடங்கியவுடனே, நூறாண்டுக்கு மேலாக அறிஞர் பலரை அலைக்கழித்த ஒரு சிக்கல் எதிர்ப்படுகின்றது. அருகருகேயுள்ள கட்டங்கள் தனித்தனிச் சாட்சிகள் அல்ல என்பதே அச்சிக்கல். இதனைத் தெளிவுற எடுத்துரைத்தவர் யாவர், உரைத்த பின்னும் தீர்வு நெடுங்காலந் தாழ்த்தமைக்குக் காரணம் யாது, தீர்வு கிடைத்த பின்னும் அது வழுப்படக் கையாளப்பட்டது எங்ஙனம் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய படங்கள் செழித்து வளர்ந்த நாடு இங்கிலாந்து. ஹியுவிற் கொற்றெல் உவாற்சன் என்னும் தாவரவியலார், பெரிய பிரித்தானியாவிலுள்ள செடிகள் எவ்வெவ் விடங்களில் வளர்கின்றன என்பதைப் பதிவதற்காக, 1852ஆம் ஆண்டில் அந்நாட்டை 112 பகுதிகளாக வகுத்தார். ஒரு பகுதியில் ஒரு செடி எங்கேனுமோரிடத்திற் காணப்பட்டாற் போதும். அப்பகுதி முழுவதும் அச்செடிக்கு உரியதாகும். இப்பருமட்டான கணக்கு ஏறக்குறைய நூறாண்டு நின்று நிலவியது. 1950ஆம் ஆண்டில் பிரித்தானியத் தாவரவியற் கழகத்தார் கூடி ஆராய்ந்து, நாட்டைப் பத்துக் கிலோமீற்றர்ப் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நடந்து பார்ப்பதென முடிவுசெய்தனர். பாடசாலை ஆசிரியரும், மதகுருமாரும், ஓய்வுபெற்ற உத்தியோகத்தருமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் கையிற் பட்டியலுடன் வயலும் வரம்பும் அளந்தனர். அவர்தம் குறிப்புக்கள் துளையிட்ட அட்டைகளுக்கு மாற்றப்பட்டுப் பொறியினால் வகைப்படுத்தப்பட்டன. பெரிங், உவால்ரேர்ஸ் என்னும் இருவர் பதிப்பித்த பிரித்தானியத் தாவரப் படத்தொகுதி 1962ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு படம். கண்ட சதுரத்தில் ஒரு கரும்புள்ளி. சம்பளம் பெறாத மக்கள் தம் ஓய்வு நாட்களிலே செய்துமுடித்த அறிவியற் பணிகளுள் இதற்கு நிகரானவை சிலவே.

அப்படங்களைப் பார்ப்போர் கண்ணில் முதலிற் படுவது புள்ளிகள் சிதறிக்கிடவாமையாகும். அவை குழாங் குழாமாகக் கூடிநிற்கும். கூடிநிற்றற்குக் காரணங்கள் இரண்டு. சுண்ணாம்பு மண் ஒருங்கே பரந்திருப்பின், அதனை விரும்புஞ் செடியும் ஒருங்கே பரந்திருக்கும். இது முதலாவது. விதை தாயினடியிலேயே வீழ்தலின், ஒரு கட்டத்தில் வேரூன்றிய செடி அடுத்த கட்டத்துக்கும் பரவும். இஃது இரண்டாவது. முதலாவதில் அயற்கட்டங்கள் இரண்டும் ஒரே காரணத்துக்குத் தனித்தனி விடையளிக்கின்றன. இரண்டாவதில் ஒன்றின் விடையை மற்றது திருப்பிச் சொல்லுகின்றது. படத்தில் இரண்டும் ஒரு தன்மையவாகவே தோன்றும். வழக்கு முழுவதும் இவ்வேறுபாட்டின் மேலேயே நிற்கின்றது.

இதனைத் தெளிவாகக் கேட்டவர் தாவரவியலாரல்லர் என்பது வியப்புக்குரியது. 1888ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டன் மானிடவியற் கழகத்திலே எட்வேட் ரைலர் ஓர் ஆய்வுரை நிகழ்த்தினார். முந்நூற்றுக்கு மேற்பட்ட மக்கட்குழுக்களின் மணமுறை, உறவுமுறைகளைத் தொகுத்து, இவ்வழக்கம் உள்ள குழுவில் அவ்வழக்கமும் உளதா இலதா என்று எண்ணி, அவ்வெண்ணிக்கையிலிருந்து சமுதாய வளர்ச்சியின் விதிகளைப் பெற முயன்றது அவ்வுரை. தலைமை வகித்த பிரான்சிஸ் கோல்ற்றன் ஒரு வினாவை எழுப்பினார். இக்குழுக்களுட் பல, ஒரு மூலத்திலிருந்து அவ்வழக்கத்தைப் பெற்றிருத்தல் கூடுமன்றோ? அங்ஙனமாயின், ஒரே ஏட்டின் பல பிரதிகளைத் தனித்தனி ஏடுகளாக எண்ணினோமாவோம். ரைலரிடம் இதற்கு நிறைவான மறுமொழி இருக்கவில்லை. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய நம்மவர்க்கு இவ்வினாவின் கூர்மை எளிதிற் புலனாகும். பிழைபட்ட ஓரேட்டைப் பார்த்துப் பத்துப்பேர் படியெடுத்தால், அப்பாடத்துக்குப் பதினொரு சான்றுகள் உண்டென்று எந்தப் பதிப்பாசிரியரும் வாதாடார்.

இனி, உளது இலது என்னும் இருகுறிகளைக் கணிதத்துக்குள் அடக்கும் முறை வந்த வழியைச் சிறிது நோக்குவாம். பெல்சியத்துக் கணிதர் பியர் பிரான்சுவா வெர்ஹுல்ஸ்ற் என்பார் 1838ஆம் ஆண்டிற் குடித்தொகை வளர்ச்சியை ஆராய்ந்து, முதலில் மெல்லவும் இடையில் விரைந்தும் இறுதியில் மீண்டும் மெல்லவும் ஏறும் ஒரு வளைகோட்டைக் கண்டார். 1845ஆம் ஆண்டில் அதற்கு லொஜிஸ்ரிக் எனப் பெயரிட்டார். பின்னர் உலகம் அதனை மறந்தது. 1920ஆம் ஆண்டில் அமெரிக்கரான பேளும் றீடும் அதனைப் புதிதாகவே கண்டுபிடித்தனர். 1944இல் ஜோசெப் பேர்க்சன் மருந்தின் அளவுக்கும் உயிரிழப்புக்குமுள்ள தொடர்பை ஆராய அதனைக் கையாண்டார். 1958இல் டேவிட் கொக்ஸ் இருகுறித் தரவுகள் அனைத்துக்கும் பொருந்தும் வகையில் அதனை விரித்தார். இன்று லொஜிஸ்ரிக் பிற்செலவு எனப்படுவது இதுவே.

அதன் கருத்து எளிது. உண்மை என்னுஞ் சொல்லை உள்ளதாந் தன்மை என்ற பொருளில் நம் இலக்கண நூலார் வழங்குவர். அப்பொருளிற் கொண்டு, ஒரு செடியின் உண்மைக்கும் இன்மைக்குமுள்ள விகிதத்தை எடுத்துக்கொள்வோம். மலையடிவாரத்தில் ஐந்து கட்டங்களுக்கு ஒன்றில் அச்செடி உண்டெனின், விகிதம் ஒன்றுக்கு நான்கு, அதாவது கால். ஒவ்வொரு நூறு மீற்றர் ஏறும்போதும் இவ்விகிதம் இரட்டிக்கின்றதெனக் கற்பனை செய்க. கால், அரை, ஒன்று, இரண்டு, நான்கு என விகிதம் வளரும். அதற்கேற்ப நிகழ்தகவு ஐந்திலொன்று, மூன்றிலொன்று, இரண்டிலொன்று, மூன்றிலிரண்டு, ஐந்தில் நான்கு என ஏறும். விகிதம் எத்துணை வளரினும் நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது. எத்துணைத் தேயினும் பூச்சியத்தின் கீழ்ச் செல்லாது. பெருக்கலைக் கூட்டலாக்க மடக்கை எடுப்பர். உயர்கணிதம் பயிலும் மாணாக்கர்க்கு இதில் அரிதொன்றுமில்லை.

ஆனால் இம்முறை ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றது: ஒவ்வொரு கட்டமும் தன் சாட்சியத்தைத் தானே கூறவேண்டும். நானூறு கட்டங்கள் உள்ளன என்றால் நானூறு சாட்சிகள் என்றே கணக்கு நடக்கும். உண்மையில் அவை நாற்பது குழாங்களாயின், உயரமே காரணம் என்னும் முடிவு வேண்டிய அளவினும் மிக்க உறுதியுடன் வெளிப்படும். செடி பரவியது விதையினால்; புகழ் சென்றது உயரத்துக்கு. அரியதோர் உயிரினத்துக்கு எந்நிலத்தை ஒதுக்கிக் காப்பது என்பதை இக்கணக்கைக் கொண்டே தீர்மானிக்கும் வேளையில், இது வெறும் ஏட்டுப்பிழையாக நில்லாது.

வேளாண்மை ஆய்வாளர் இவ்விடரை முன்னரே கண்டிருந்தனர். இங்கிலாந்திலே மேசரும் ஹோலும் ஓரேக்கர்க் கோதுமை வயலை 500 துண்டுகளாக்கி ஒவ்வொன்றின் விளைச்சலையும் நிறுத்து 1911இல் வெளியிட்டனர். ஒரே விதை, ஒரே பசளை. ஆயினும் விளைச்சல் வேறுபட்டது. வேறுபட்டும், அயற்றுண்டுகள் தம்முள் ஒத்திருந்தன. ரொதாம்ஸ்ரெட் ஆய்வுநிலையத்திற் பணியாற்றிய றொனால்ட் பிஷர் இதற்கொரு வழி வகுத்தார். எத்துண்டுக்கு எப்பசளை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்த்தால், அயலுறவு எவ்வகைப் பசளைக்கும் சார்பாக நிற்கமாட்டாது. மிகச் சிறந்த உபாயமே. ஆயினும் அது பிரச்சினையைத் தீர்க்கவில்லை, தவிர்த்தது. காட்டில் எக்கட்டத்தில் மழை பெய்யவேண்டும் என்று சீட்டுக் குலுக்க எவராலும் இயலாதன்றோ? இயற்கை தானே நிகழ்த்திய பரிசோதனையைப் பார்த்திருப்பவர்க்குப் பிஷரின் வழி அடைபட்ட வழியாகும்.

எனவே அயலுறவை அளக்கும் முயற்சிகள் எழுந்தன. 1948ஆம் ஆண்டில் பற்றிக் மோரன், கறுப்பும் வெள்ளையுமாக நிறந்தீட்டிய படத்திலே கறுப்பும் கறுப்பும் அடுத்திருக்கும் எல்லைகள் எத்தனை, கறுப்பும் வெள்ளையும் அடுத்திருப்பவை எத்தனை என எண்ணி, அவ்வெண்ணிக்கை தற்செயலாக நிகழ்தற்குரியதா என்று சோதிக்க வழி கூறினார். இந்திய அறிஞர் பி. வி. கிருஷ்ண ஐயரும் அக்காலத்திலேயே இவ்வகைக் கணக்குக்களை ஆராய்ந்து 1949இல் வெளியிட்டார். 1954இல் ஐரிஷ் அறிஞர் கீரி தம் நாட்டு மாவட்டங்களைக் கொண்டு மற்றோர் அளவையை அமைத்தார். இவை யாவும் நோயுண்டு என்று நாடிபிடித்துச் சொல்லுவன. மருந்து தருவன அல்ல.

மருந்துக்குரிய மூலிகை எதிர்பாராத தோட்டத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. யேர்மனியில் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்திலே வில்ஹெல்ம் லென்ஸ் என்னும் பேராசிரியர், காந்தத்தினுள் ஒவ்வொரு சிறு துணிக்கையும் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிற்கும், அயலிலுள்ளவை எவ்வாறு நிற்கின்றனவோ அவ்வாறே தானும் நிற்க விழையும் என்று கொண்டு, இதனை ஆராயுமாறு தம் மாணாக்கர் ஏண்ஸ்ற் ஐசிங் என்பாரிடம் ஒப்படைத்தார். ஐசிங் ஒரே வரிசையில் நிற்குந் துணிக்கைகளுக்கு மாத்திரம் தீர்வு கண்டு 1925இல் வெளியிட்டார். அவ்வரிசை காந்தமாகாது என்பது விடை. முப்பரிமாணத்திலும் ஆகாது என அவர் கருதியது பின்னர்ப் பிழையாயிற்று. அவர் கல்லூரி ஆசிரியரானார். 1933இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றவே, யூதராகிய அவர் அரசாங்கப் பாடசாலையிற் கற்பிக்கும் உரிமையை இழந்தார். பின்னர் அவர் தலைமையாசிரியராயிருந்த யூதப் பாடசாலை 1938 நவம்பரிற் சூறையாடப்பட்டது. 1939இல் லக்சம்பேர்க் சென்று, போர்க்காலத்தில் அங்கே புகையிரதப் பாதையிற் கூலிவேலை செய்து உயிர்பிழைத்தார். 1947இல் அமெரிக்காவை அடைந்தார். அங்கு சென்ற பின்னரே தம் இளமைக்கால ஆய்வு தம் பெயராலேயே உலகெங்கும் வழங்கப்படுவதை அறிந்தார் என்பர். பின்னும் பல்லாண்டு பௌதிகம் கற்பித்து 1998இல் மறைந்தார். அவர் பெயரைச் சூடிய ஆய்வுகள் ஆயிரக்கணக்கின. அத்தகையவர் ஒருவர் வகுப்பறைகளிலேயே வாழ்நாளைக் கழித்தார் என்பது ஆசிரியத் தொழிலினர் நினைவிற் கொள்ளத்தக்கது.

மேல், கீழ் என்பவற்றை உளது, இலது என மாற்றிவிடின், ஐசிங்கின் காந்தம் தாவரவியலாரின் படமாகிவிடும். இவ்வொற்றுமையைப் புள்ளிவிபரவியலாக்கியவர் ஜூலியன் பெசாக். அப்போது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. லிவர்பூல் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். 1974இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இத்துறையின் மூலநூல் எனத் தகும். ஒரு கட்டத்தில் உண்மை இன்மை விகிதம், மண்ணாலும் மழையாலும் பெருகுவதுபோலவே, செடி குடிகொண்ட ஒவ்வோர் அயற்கட்டத்தாலும் ஒரு மடங்கு பெருகும் என்று அவர் அமைத்தார். அயல்சார் லொஜிஸ்ரிக் முறை என இதனை அழைக்கலாம். அவர் எடுத்துக்காட்டுக்களுள் ஒன்று, சிறு சிறு கட்டங்களாக வகுக்கப்பட்ட நிலத்துண்டில் ஒரு பூண்டின் உண்மை இன்மைப் பதிவாகும். அப்பூண்டின் ஆங்கிலப்பெயர் வாழையின் ஆங்கிலப்பெயரோடு ஒன்றாயிருத்தலின் நம் மாணாக்கர் மயங்குதல் கூடும். வாழைக்கும் அதற்கும் உறவில்லை; அது புற்றரையில் முளைக்கும் ஒரு களை.

கேட்பதற்கு எளிதாகவுள்ள இவ்வமைப்பில் இரண்டு இடர்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டமும் தன் அயலைச் சார்ந்தது. அவ்வயலோ இதனைச் சார்ந்தது. இச்சுழலில் ஒன்றுக்கொன்று முரணாத முழுமையான நிகழ்தகவு உண்டா? எப்போது உண்டு என்பதற்கு ஹமேர்ஸ்லி, கிளிபோட் என்னும் இருவர் 1971இல் ஒரு தேற்றங் கண்டனர், கண்டும் அச்சேற்றவில்லை. எல்லா அமைப்புக்களுக்கும் பூச்சியத்தின் மேற்பட்ட நிகழ்தகவு வேண்டும் என்னும் நிபந்தனை அதிலிருந்தது. அதனை நீக்கியபின் வெளியிடுவோம் எனக் காத்திருந்தனர். பெசாக் எளியதொரு நிறுவலை வெளியிட்டுவிட்டார். அந்நிபந்தனையை நீக்க இயலாதென்பதையும் 1974இலேயே மூசூரிஸ் என்பார் எதிர்க்காட்டுத் தந்து காட்டினார். நிறைவு தேடிக் காத்திருந்தோர்க்கு, அந்நிறைவு இல்லாத ஒன்று என்பது தெரியவந்தது.

இரண்டாவது இடர் கணக்கிடலில். பக்கத்துக்குப் பத்தாக நூறு கட்டங்களே உள்ள சிறு படத்தை எடுப்பினும், உளது இலது என நிரப்பக்கூடிய வகைகள் இரண்டின் நூறாம் அடுக்கு. முப்பத்தோரிலக்க எண் அது. அவையனைத்தையும் கூட்டினாலன்றி நேர்முறைக் கணக்கு முற்றுப்பெறாது. பெசாக் சதுரங்கப் பலகையை நோக்கினார். கறுப்புக் கட்டத்தின் நான்கு பக்கத்து அயல்களும் வெள்ளை. வெள்ளைகளின் நிலையைத் தெரிந்ததாகக் கொள்ளின், கறுப்புக்கள் தம்முட் சாராத தனிச் சாட்சிகளாகிவிடும்! பின் வெள்ளையை ஆராயும்போது கறுப்பைத் தெரிந்ததாகக் கொள்ளலாம். கோல்ற்றன் வேண்டி நின்ற தனிச் சாட்சிகளை இங்ஙனம் பெற்றது, என் மதிப்பில், சென்ற நூற்றாண்டுக் கணிதத்தின் மிக நயமான உபாயங்களுள் ஒன்று. 1975இல் அவரே போலி நிகழ்வாய்ப்பு என்னும் இன்னோர் உபாயத்தைத் தந்தார். எல்லாக் கட்டங்களையும் தனிச் சாட்சிகள் போலவே பாவித்துப் பெருக்குவது அது. போலியென்று பெயரிலேயே ஒப்புக்கொண்டமையின் அதனை நேர்மையான போலி எனலாம்.

இவ்வளவும் நிகழ்ந்தும் சூழலியலார் திரும்பிப் பார்க்கவில்லை. 1996ஆம் ஆண்டிலேதான் ஒகஸ்ரின், மகிள்ஸ்ரன், பக்லண்ட் என்னும் மூவர், ஸ்கொத்லாந்தின் கிராம்பியன் பகுதியிற் செம்மான்கள் எங்குள என்பதை இம்முறையால் ஆராய்ந்தனர். பார்க்கப்படாத கட்டங்களைக் கணினி மீண்டும் மீண்டும் குலுக்கி நிரப்ப, அந்நிரப்பின் மேல் மதிப்பீடு நடந்தது. அதன்பின் இம்முறை காட்டுத்தீப்போற் பரவியது. கணினியிலே ஒரு கட்டளையில் முடியும் வேலையாயிற்று.

பரவிய பின்னரே வழக்கு மூண்டது. 2007இல் யேர்மானியச் சூழலியலார் காஸ்ரன் டோர்மன், விடை முன்னரே தெரிந்த கற்பனைத் தரவுகளைச் செய்து, இம்முறையை அவற்றின் மேற் சோதித்தார். அத்தரவுகளுக்கு உரிய பிராணி, மூக்கினால் நடக்கும் ஒரு கற்பனை விலங்கு. யேர்மானிய விலங்கியலார் ஒருவர் புனைபெயரில் 1961இல் எழுதிய நகைச்சுவை நூலொன்றிற் பிறந்தது. விளையாட்டுப் பெயராயினும் முடிவு விளையாட்டன்று. இம்முறை சூழற்காரணிகளின் வலிமையைக் குறைத்தே மதிப்பிடுகின்றது என்று டோர்மன் எழுதினார். பலர் இம்முறையைக் கைவிட்டனர்.

எட்டாண்டு கழித்து, 2015இல், பார்டோசும் அவருடன் சேர்ந்த இருவரும் பெசாக்கின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையை மீளப் படித்தனர். அதிலே தெளிவாக ஒரு விதி இருந்தது: முதலாங் கட்டம் இரண்டாவதன்மேற் செலுத்தும் செல்வாக்கும், இரண்டாவது முதலாவதன்மேற் செலுத்துவதும் சமமாயிருத்தல் வேண்டும். ஆனால் வழக்கிலிருந்ததோ அயற்கட்டங்களின் சராசரியை எடுப்பது. மூலையிலுள்ள கட்டத்துக்கு இரண்டே அயல். ஆகவே ஒவ்வொன்றுக்கும் அரைப்பங்கு. நடுவிலுள்ளதற்கு நான்கு; ஒவ்வொன்றுக்கும் காற்பங்கு. இவ்வாறு சராசரி எடுத்த கணமே சமன் குலைந்தது. கூட்டுத்தொகையை எடுத்திருப்பின் குலைந்திராது. செம்மான் ஆய்விலும், டோர்மனின் சோதனையிலும் இவ்விதிக்குப் பொருந்தாத நிறைகளே கையாளப்பட்டன எனவும், விதிப்படி செய்யின் அக்குறைபாடு மறையும் எனவும் அவர்கள் காட்டினர். நாற்பதாண்டாக அச்சிலிருந்த ஒரு நிபந்தனையை, அக்கட்டுரையை மேற்கோளாகக் காட்டியோரே கைக்கொள்ளவில்லை. மேற்கோள் காட்டுதல் வேறு, மூலத்தைப் படித்தல் வேறு என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று யான் அறியேன்.

இதற்கிடையே வேறொரு நெறியும் வளர்ந்தது. அயற்கட்டத்தை நேரே நுழைக்காது, கண்ணுக்குப் புலனாகாத மென்மையான ஒரு பரப்பு நிலத்தின்மேல் விரிந்திருப்பதாகக் கொண்டு, கூடிநிற்கும் இயல்பை அதன்மேல் ஏற்றுவது அது. டிகிளும் அவருடன் சேர்ந்தோரும் 1998இல் இதற்கு வழிகோலினர். நோர்வேயைச் சேர்ந்த ஹோவாட் ரூவும் பிறரும் 2009இலும் 2011இலும் வெளியிட்ட முறைகளால் நாட்கணக்கில் ஓடிய கணக்கு நிமிடங்களில் முடிவதாயிற்று. இன்று பெரும்பாலோர் செல்லும் வழி இதுவே.

இலது என்னும் குறியைப்பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். இன்மையையும் ஒரு பதார்த்தமாக எண்ணியவர் நம் தருக்க நூலார். காணாமையால் இன்மை துணியப்படும் என்றோர், காட்சிக்குத் தகுதியுடைய பொருளைக் காணாவிடத்தே அங்ஙனந் துணியலாம் என வரையறை செய்தனர். விளக்கெரியும் அறையிற் குடத்தைக் காணாவிடின் குடம் இலது. இருளறையில் அங்ஙனங் கூறலாகாது. புள்ளிவிபரவியலார் இவ்வரையறைக்குரிய கணக்கை 2002இல் வகுத்தனர். மெக்கென்சி முதலியோர் ஒரே கட்டத்துக்குப் பலமுறை சென்று, கண்டது எத்தனை முறை, தவறவிட்டது எத்தனை முறை என்பதிலிருந்து காணுந் தகுதியையே மதிப்பிட்டனர். இருக்கும் பறவை ஒரு வருகையிற் கண்ணிற் படுதற்கு நிகழ்தகவு அரையெனின், மூன்று வருகையிலும் தப்புதற்கு எட்டிலொன்று. இரவிற் பாடும் பறவையைப் பகலில் ஒருமுறை தேடிவிட்டுப் பூச்சியம் எழுதுவோன் இருளறையிற் குடம் தேடியவனே. இத்தகைய பூச்சியங்களும் தனித்து வருவன அல்ல. செல்வதற்கரிய மலைச்சரிவில் அருகருகே பல கட்டங்கள் ஒருங்கே காணாமற் போகும். அப்போது அயலுறவாகத் தோன்றுவது செடியின் இயல்பன்று. தேடியவர் நடந்த பாதையின் சுவடு.

கோல்ற்றனின் வினாவோ முற்றாக அடங்கிற்றில்லை. அயற்கட்டத்துக்குரிய மடங்கு எத்துணைப் பெரிதென எந்நெறியாலும் அளக்கலாம்; அது விதை பரவியதாலா, நாம் அளக்கத் தவறிய ஏதோவொரு மண்ணியல்பாலா என்பதை ஒரு காலத்துப் படம் ஒன்றே கூறமாட்டாது. மறுபடியும் நடந்து பார்த்தல் வேண்டும். பிரித்தானியர் நடந்தனர். 1962ஆம் ஆண்டுத் தொகுதியை அடுத்துப் புதிய தொகுதி 2002இலும், மூன்றாவது 2023இலும் வெளிவந்தன. ஒரு செடி புதிதாக நுழைந்த சதுரம் பழைய புள்ளியொன்றின் அயலதா, தொலைவிலுள்ளதா என்பதை இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்து இப்போது பார்க்கலாம்.